வானுக்குள்ள இரவுத் தங்கல்: யாழ்ப்பாணத்தில சும்மா நிற்பாட்ட எங்க இடம்?

கிடுகுவேலி

காம்பர் வானில (உள்ளுக்குப் படுத்துச் சமைக்கக்கூடிய வான்) யாழ்ப்பாணம் வந்தால் இரவு எங்க நிற்பாட்டலாம் எண்டு ஒருத்தர் கேட்டதுக்கு, "விடுதி முற்றத்தில காசு கட்டி நில்லுங்கோ, வேற வழியில்லை" எண்டு இங்க பதில் போட்டிருக்கினம். எனக்கு அதில உடன்பாடில்லை. குடாநாட்டைச் சுத்திக் கடலும் களப்பும். ரொயோட்டா ஹைஏஸ் வான் ஒண்டு நிற்க ஆறு மீற்றர் நீளம், மூண்டு மீற்றர் அகலம் போதும். அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை.

நான் சொல்லுற இடங்கள்: வேலணையில சாட்டிக் கடற்கரை றோட்டோரம், நயினாதீவுக்கு வள்ளம் ஏறுற குறிகட்டுவான் இறங்குதுறையடி, கோட்டைக்கும் பண்ணைக்கும் இடைப்பட்ட வெளி, பருத்தித்துறை முனைப் பக்கம், மணற்காட்டு றோட்டு முடிவு. கசூரினாவைச் சேர்க்கேல்லை, அங்க பிரதேச சபை கட்டணம் வாங்கும்.

முறை இதுதான். செய்மதிப் படத்தில முதலே இடத்தைப் பாருங்கோ. பின்னேரம் அஞ்சு மணிக்கு முன்னம் போய் வெளிச்சத்தில ஒருக்கா நடந்து பாருங்கோ. வானின்ர முன்பக்கம் றோட்டைப் பாத்து இருக்கவேணும். நடுச்சாமத்தில வெளிக்கிட வேண்டி வந்தால் றிவேர்ஸ் எடுக்கிற வேலை இருக்கக்கூடாது. கதிரை, மேசை, பந்தல் ஒண்டும் வெளியில போடாதேங்கோ. காலமை ஆறரைக்கு இடம் காலி. ஒரு இடத்தில ரெண்டாம் இரவு வேண்டாம்.

வாடைக்காற்று

அண்ணை, முறை நல்லது. இடங்களிலதான் பிழை இருக்கு.

மணற்காடு, வடமராட்சி கிழக்குக் கரை எல்லாம் கேரளக் கஞ்சா இறங்குற கரை எண்டு செய்தியில வாற இடங்கள். கடற்படையும் பொலிசும் இரவில அந்தக் கரையைப் பாத்துக்கொண்டிருக்கும். திரை மூடின வான் ஒண்டு, வெளிமாவட்ட இலக்கத்தகடு, லைற் இல்லை. அவையின்ர கண்ணுக்கு அது சுற்றுலா வானாத் தெரியாது. இரவு ஒரு மணிக்கு ரோச் லைற்றோட கதவைத் தட்டுவினம், உள்ளுக்கு இருக்கிறதெல்லாத்தையும் இறக்கிக் காட்டச் சொல்லுவினம். அது அவையின்ர கடமை, நாங்கள் கோவிக்க ஏலாது.

அடுத்தது கரைவலை, கரையில நிண்டு இழுக்கிற பெரிய வலை. வெறும் மணலாத் தெரியிற இடம் ஒருத்தரின்ர பாடு, அவர் வலை இழுக்கிற கரை. வலையின்ர ரெண்டு கயிறும் தூரத்தூர நிண்டு இழுபடும். இழுக்க இழுக்க ரெண்டு தலைப்பும் கரை வழியா நகர்ந்து ஒண்டையொண்டு நெருங்கும். ட்ராக்டர் பூட்டி இழுக்கிற இடத்தில கயிறு முறுகி நிக்கேக்க வான் நடுவில நிண்டால் அவையின்ர அண்டையத் தொழில் போச்சு. விடியப்புறம் நீங்கள் நித்திரையில இருக்கேக்கதான் அவை வருவினம். கிட்ட இருக்கிற வாடிக்கு (மீன்பிடிக்காரரின்ர கொட்டில்) போய் "நாளைக்கு இஞ்சை வலை இழுபடுமோ?" எண்டு கேக்காமல் வடமராட்சிக் கரையில ரயர் வைக்கக்கூடாது.

இன்னும் ரெண்டு. போர் முன்னரங்கா இருந்த முகமாலைப் பக்கம் களைச்சுப்போய் றோட்டை விட்டு இறங்கி ஒதுங்கிற எண்ணமே வேண்டாம். கண்ணிவெடி அகற்றின நிலம் எது, அகற்றாத நிலம் எது எண்டு வாகனத்தில இருந்து பாத்துத் தெரியாது. சுண்டிக்குளம் 2015 இலிருந்து தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் அதுக்குள்ள இரவு நிக்க ஏலாது.

கிணத்துக்கட்டு

இடத்தைப் பற்றி நிறையக் கதைக்கிறியள். கழிவு எங்க போகுது எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. எனக்கு முதல் கேள்வி அதுதான்.

வலிகாமம் முழுக்க சுண்ணாம்புக்கல். மேல செம்மண், சில இடத்தில அதுவும் இல்லை. கல்லுக்குள்ள வெடிப்பும் குகையும். நிலாவரையும் கீரிமலைக் கேணியும் அதாலதான் வந்தது. ஆறு எண்டு சொல்ல எங்களுக்கு மாரியில ஓடுற வழுக்கியாறு ஒண்டுதான். மழை இறங்கிக் கல்லுக்குள்ள தங்குற நல்ல தண்ணி, கீழ கிடக்கிற உப்புத் தண்ணிக்கு மேல ஒரு வில்லை மாதிரி மிதக்குது. அதைத்தான் கிணத்தில அள்ளுறம். மணல் மண்ணில கழிவு மெல்ல வடிஞ்சு போகும். வெடிச்ச கல்லில அது வடியாமல் நேரா ஓடும். அம்பது அடி தள்ளி ஊத்தினன் எண்டு சொல்லுற கணக்கு இந்த நிலத்தில பாதுகாப்பில்லை.

வானுக்குள்ள ரெண்டு பேர் இருந்தால் சமையல், முகம் கழுவல் தண்ணி நாளுக்கு 20 லீற்றராவது சேரும். ரசாயனக் கழிவறைப் பெட்டி 17 தொடக்கம் 20 லீற்றர் கொள்ளும். ரெண்டு பேருக்கு மூண்டு நாள். அந்தப் பெட்டிக்குள்ள விடுற நீல மருந்தில போமல்டிஹைட் இருக்கிற வகையை ஒரு வீட்டு மலக்குழிக்குள்ள ஊத்தினால் குழிக்குள்ள வேலை செய்யிற பக்ரீரியா செத்து, அரைகுறையாக் கிடக்கிற கழிவு கல்லுக்குள்ள இறங்கும். சும்மா கிடைச்ச இடத்தில நிண்ட ஆளின்ர செலவைப் பக்கத்து வளவுக்காரன் கிணத்தில கட்டுறான். இது நடக்குமெண்டால் நான் கட்டண இடத்துக்குத்தான் கைதூக்குவன்.

கிடுகுவேலி

கிணத்துக்கட்டு, கழிவை வெளியில விடச் சொல்லி நான் எங்கயும் எழுதேல்லை. ஆனால் எழுதியிருக்க வேண்டியது, அது என்ர பிழை.

ஒண்டு மட்டும் மறுக்கிறன். கட்டணம் கட்டினால் கழிவு பத்திரமாப் போகும் எண்டது சரியில்லை. இஞ்சை விடுதிகளில வானுக்கெண்டு கழிவு இறக்கிற இடம் இல்லை. அங்கயும் அதே மலக்குழிதான். அப்ப பிரச்சினை இடத்தில இல்லை, வானுக்குள்ள என்ன கழிவறை வைச்சிருக்கிறியள் எண்டதிலதான்.

உலர் கழிவறை வையுங்கோ. சலம் முன்பக்கக் கானுக்கு (மூடி போட்ட கலன்), மற்றது பின்பக்க வாளிக்கு. வாளி அடியில மூண்டு விரல் உயரத்துக்குத் தும்புத்தூள், ஒவ்வொரு தரமும் ரெண்டு சிரட்டை மேல தூவவேணும். தூள் கைக்குப் பொருபொரு எண்டு இருக்கவேணும். ஈரத்தூள் போட்டால் ரெண்டாம் நாளே மணக்கும், புழு வைக்கும். வாளிக்குள்ள சலம் போனாலும் அதே கதி. ரெண்டு பேருக்கு நாலு நாள் தாங்கும். ஒரு பங்கு சலத்துக்குப் பத்துப் பங்கு தண்ணி கலந்து தென்னைக்கு ஊத்தலாம்.

கிணத்துக்கட்டு

தும்புத்தூளுக்கு ஓம். தென்னைக்கு ஊத்திறதில கவனம்.

ஒரு ஆளின்ர ஒரு நாள் சலத்தில ஏறத்தாழ 10 கிராம் நைதரசன் இருக்கு. முழுக்க நைத்திரேற்றா மாறினால் 44 கிராம். குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கணக்குப் பாத்தால் ஒரு ஆளின்ர ஒரு நாள் சலம் கிட்டத்தட்ட 880 லீற்றர் தண்ணியை அந்த எல்லைக்குக் கொண்டுபோகக் காணும். ஏற்கெனவே வெங்காயம், புகையிலைத் தோட்டத்துப் பசளையால வலிகாமத்துக் கிணறுகள் கனக்க இந்த எல்லையைத் தாண்டி நிக்குது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணி அது.

வாடைக்காற்று

தென்னை கொஞ்சத்தை உறிஞ்சும்தானே. ஒரு தோட்டத்துக்குப் போடுற யூரியா மூட்டையோட ஒப்பிட்டால் ரெண்டு பேரின்ர ஒரு இரவு பெரிசில்லை.

கிணத்துக்கட்டு

ஒரு வான், ஒரு இரவெண்டால் நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் இந்தத் திரியில ஒரு இடத்தைப் பேர் சொல்லி எழுதினால் ஆடி, ஆவணியில அதே மரத்தடிக்கு இருபது வான் வரும். வீட்டுக்காரர் சம்மதிச்சால் கானை அவையின்ர கழிவறையிலேயே ஊத்துங்கோ. அதுவும் அதே கல்லுக்குத்தான் போகும், ஆனால் ரெண்டு பேரின்ர பங்கை அந்தக் குழி தாங்கும், வேர் இல்லாத தரையில ஊத்திறதை விட மேல். சாம்பல் தண்ணியை (சமையல், முகம் கழுவின தண்ணி) கானில பிடிச்சு எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால வடிச்சு, வாழைப் பாத்திக்குக் கேட்டு ஊத்துங்கோ. கிணத்தடி வாழை வேண்டாம்.

பூவரசு

கடற்கரையா கட்டண இடமா எண்டு ரெண்டு பக்கமும் இழுக்கிறியள். எங்கட ஊரில மூண்டாவது வழிதான் பழைய வழி: கேட்டு நிக்கிறது.

கோயில் வீதி. வல்லிபுர ஆழ்வார் கோயில், செல்வச்சந்நிதி இரண்டுக்கும் வெளிவீதி பெரிசு, தண்ணி இருக்கு. சந்நிதியில மடங்களும் அன்னதானமும் இருக்கு. பின்னேரப் பூசை முடியக் கோயில் ஆக்களிட்டப் போய், எத்தினை பேர், எத்தினை மணிக்கு வெளிக்கிடுவம் எண்டு சொல்லிக் கேளுங்கோ. வானுக்குள்ள மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கிறதில்லை, குடி இல்லை. விடிய நாலரைக்கு மணி அடிக்கும், பாட்டுப் போடுவினம்; நித்திரை அதோட சரி. தேர் வீதியில நிற்பாட்டாதேங்கோ. திருவிழா நாளில கேக்கவும் வேண்டாம்: சந்நிதிக்கு ஆவணி, வல்லிபுரத்துக்குப் புரட்டாதி. நல்லூர் 25 நாளும் கோயிலைச் சுத்தி வாகனம் விடமாட்டினம்.

அதைவிட நல்லது ஒரு வளவு. மதில் இருக்கு, படலை இருக்கு, ஆள் இருக்கு. ஊர்க் கடையில சாமான் வாங்கேக்க, "அக்கா, ஒரு இரவுக்கு வான் நிற்பாட்ட வளவு ஏதும் கிடைக்குமோ?" எண்டு கேட்டால் வீடு காட்டுவினம். வயசுபோன ஆக்கள் தனிய இருக்கிற வீட்டில இருட்டின பிறகு தட்டக்கூடாது. காசு நீட்டினால் அநேகமா வாங்கமாட்டினம். பழம், பிஸ்கட் வாங்கிக் குடுங்கோ. இரவு நிக்கிறதை விதானையாருக்கு (கிராம சேவகர்) ஒரு சொல் சொல்லிவிட்டால் வாடைக்காற்று சொன்ன கதவு தட்டலும் குறையும்.

ஒழுங்கைக்குள்ள போக முதல் மேல பாருங்கோ. ஹைரூஃப் (உயரக் கூரை) வான் 2.3 மீற்றர் உயரம், சோலர் தகடும் காத்தாடியும் சேர்ந்தால் 2.4. வீட்டுக்கு இழுத்த கரண்ட் வயரும் கேபிள் வயரும் அதுக்கும் கீழ தொங்குற ஒழுங்கைகள் இருக்கு.

உப்பளம்

பூவரசு அக்கா சொன்ன வளவில பனை நிண்டால் அதுக்குக் கீழ நிற்பாட்டாதேங்கோ. ஆடியிலயிருந்து புரட்டாதி மட்டும் பழம் விழும். ஒரு கிலோவுக்கு மேல நிறை, நாப்பதடி உயரம். சோலர் கண்ணாடி ஒரு பழத்துக்கே முடிஞ்சுது. காவோலை எந்த மாதமும் விழும்.

களப்புப் பக்கம் நிற்கப் போறவைக்கு. கோடையில களப்பு ஓரம் வெள்ளையாப் பூத்து, காய்ஞ்சு, வெடிச்சு, சீமெந்து மாதிரித் தெரியும். அதை நம்பாதேங்கோ. அலவாங்கை நிமித்திக் கையால அமத்துங்கோ. ஒரு சாணுக்கு மேல தானா இறங்கினால் வான் ஏத்தவேண்டாம். இழுத்து நுனியைப் பாருங்கோ: கறுப்பா, கூழ்முட்டை மணத்தோட சேறு ஒட்டியிருந்தால் மேலோடு ரெண்டு விரல்தான், கீழ களி. ஹைஏஸ் பின்சில்லு இழுவை, தண்ணித் தாங்கியும் பற்றறியும் அநேகமாப் பின்னுக்குத்தான். பின்சில்லு ஒருக்கா மேலோட்டை உடைச்சால் அக்சல் மட்டும் போய்க் குந்தும். அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கக் கீழதான் போகும். உடன நிப்பாட்டி, சில்லுக்கு முன்னால தோண்டி, தகரமோ பலகையோ குடுத்து வெளிய எடுங்கோ.

மணலெண்டால் ரயர் காத்தை 25 பிஎஸ்ஐக்கு இறக்கி, இருபது கிலோமீற்றர் வேகத்துக்கு மேல போகாமல் போங்கோ. தார் றோட்டு ஏற முதல் திரும்ப அடிக்கவேணும். காத்துப் பம்பி இல்லாட்டி மணலில இறங்காதேங்கோ.

பற்றறிக் கணக்கையும் சொல்லிவிடுறன். 12 வோல்ற்றில 40 வாற்று பிரிட்ஜ் பாதி நேரம் ஓடினால் 12 மணித்தியாலத்துக்கு 20 ஆம்ப் அவர். ஒண்டரை ஆம்ப் காத்தாடி ரெண்டு, ஒம்பது மணித்தியாலம், 27. மொத்தம் 47. நூறு ஆம்ப் அவர் ஈயப் பற்றறியில பாதிக்கு மேல எடுத்தால் ஆயுள் குறையும், அதால 50தான் உங்கட கையில. இஞ்சத்தைய இரவுப் புழுக்கத்துக்குக் காத்தாடி இல்லாமல் படுக்க ஏலாது. லித்தியம் எண்டால் 80 வரை எடுக்கலாம். ஏசிக்கெண்டு எஞ்சினை ஓடவிட்டு நித்திரை கொள்ளவே வேண்டாம். காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, எழும்பவிடாது. நுளம்புத்திரியும் மூடின வானுக்குள்ள கொளுத்தாதேங்கோ. யன்னலுக்கு வலை அடியுங்கோ.

கிடுகுவேலி

முதல் பதிவின்ர பட்டியலைத் திருத்துறன். மணற்காட்டை எடுத்துவிட்டன். முனையடிக்கு "பொலிஸ் நிலையத்தில முதலே சொல்லவும்" எண்டு சேர்த்தன். சாட்டியையும் குறிகட்டுவானையும் எடுக்கமாட்டன். வீட்டுக்காரரைக் கரைச்சல்படுத்த விரும்பாத ஆக்களுக்கு அது வேணும், கழிவு கானுக்குள்ள இருக்கிற மட்டும் ஒருத்தருக்கும் நட்டமில்லை.

வாடைக்காற்று

குறிகட்டுவானில பஸ் திரும்புற வளைவை விட்டுத் தள்ளி நிற்பாட்டச் சொல்லி எழுதுங்கோ அண்ணை. நயினாதீவுத் திருவிழா நாளில அங்க இடமே இராது. சாட்டி சோளகத்துக்கு (தென்மேற்குக் காத்து) நேர் வாய். வைகாசி தொடக்கம் புரட்டாதி மட்டும் வானின்ர முகத்தைக் காத்துப் பக்கம் திருப்பி வைக்கவேணும், பக்கவாட்டில நிண்டால் இரவு முழுக்க ஆடும். பேந்து முகம் றோட்டைப் பாக்காது, அதால வெளிக்கிடுற பாதையை வெளிச்சத்திலேயே பாத்து வையுங்கோ.

கிணத்துக்கட்டு

ஐப்பசி பிறந்தால் பட்டியலின்ர மேல ஒரு வரி போடுங்கோ: களப்போரம் ஒண்டும் இல்லை, வளவு மட்டும். மாரி மழைக்குத் தண்ணி ஒரே இரவில றோட்டுக்கு ஏறும், கிணறுகளும் அப்ப நிலமட்டத்துக்குக் கிட்ட நிக்கும்.