திரையரங்குக்கே வராத பதின்பருவப் படங்களை வெளிநாட்டில் எடுப்பது எப்படிக் கட்டுப்படியானது?

கேள்வி:
அமெரிக்க நடிகைகளான ஓல்சன் இரட்டைச் சகோதரிகள் நடித்து, 2002-இல் நேரடியாக வீடியோவில் வெளியான ‘வென் இன் ரோம்’ படத்தை அண்மையில் பார்த்தேன். கோடைக்காலப் பயிற்சிப் பணிக்காக இரு பெண்கள் ரோமுக்குச் செல்லும் எளிய கதை. திரையரங்கு வசூலே இல்லாத ஒரு சிறிய படத்துக்கு வெளிநாட்டுப் படப்பிடிப்பு எப்படிக் கட்டுப்படியானது?

மறுமொழி 1:
திரையரங்கைத் தவிர்த்ததே முதற்காரணம். நூற்றுக்கணக்கில் படப் பிரதிகள் எடுப்பதற்கும் நாடு முழுவதும் விளம்பரம் செய்வதற்கும் ஆகும் பெருஞ்செலவு இவ்வகைப் படங்களுக்கு இல்லை. 1987 முதல் 1995 வரை ஒளிபரப்பான ‘ஃபுல் ஹவுஸ்’ தொடரால் அச்சகோதரிகள் வீட்டுக்கு வீடு அறிமுகமாகியிருந்ததால், கடையில் அட்டைப்படத்தைப் பார்த்தே சிறுவர்கள் வாங்கினார்கள். பாரிஸ் (1999), சிட்னி (2000), லண்டன், பஹாமாஸ் (2001), ரோம் என்று ஊர் மாறினாலே அடுத்த படத்துக்குப் புதுமை கிடைத்துவிட்டது.

மறுமொழி 2:
படமாக்கும் முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீரூற்றின் அருகிலோ நெரிசலான தெருவிலோ வசனத்தைத் தெளிவாகப் பதிவுசெய்வது கடினம் என்பதால், அங்கே பெண்கள் நடப்பதையும் சிரிப்பதையும் கடைகளில் ஆடைகளை எடுத்துப் பார்ப்பதையும் மட்டும் படம்பிடித்து, பின்னர் ஒரு பாட்டைச் சேர்த்துவிடலாம். சிறிய குழுவே போதும். பஹாமாஸ் படமான ‘ஹாலிடே இன் தி சன்’ பெரும்பாலும் அட்லாண்டிஸ் என்ற ஒரே விடுதி வளாகத்தைச் சுற்றியே நடப்பதால், ஊர் ஊராகக் கருவிகளைத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சிக்கனத்தால் உள்ளூர் மக்கள் வெறும் பின்னணியாகிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

மறுமொழி 3:
அந்த வருத்தம் நியாயமானது. எனினும், நடிப்பவர்கள் சிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. கலிஃபோர்னிய விதிகளின்படி 16, 17 வயதினர் பள்ளி நாளில் ஆறு மணி நேரமே நடிக்கலாம்; அதற்குமேல் மூன்று மணி நேரப் படிப்புக்கும் இடமளிக்க வேண்டும். விடுமுறையில் எட்டு மணி நேரம் வரை நடிக்கலாம். குறுகிய காலத்தில் முடித்தாக வேண்டிய படத்துக்கு அந்த இரண்டு மணி நேரம் பெரிய உதவி. ஆகவே கோடை விடுமுறை, கதைக்கு மட்டுமல்லாமல் தயாரிப்பாளரின் கணக்குக்கும் பொருந்திவருகிறது. அவ்வளவு நெருக்கடியிலும் உள்ளூர்க் கதாபாத்திரம் ஒருவருக்கு இரண்டு நல்ல காட்சிகளை எழுத முடியும்; அதற்குத் தனியாகப் பணம் தேவையில்லை.