மைல்கல் பேசும் காட்சி: மனக்குரல் ரேடியோ நாடகம் மாதிரி கேக்குது, என்ன செய்யலாம்?

கேள்வி – தொப்பூர்_ஷார்ட்ஸ்
தர்மபுரி–கிருஷ்ணகிரி ரோட்டோரம் பத்து நிமிஷ காமெடி. பஸ்ஸுக்கு நின்னு நொந்துபோன ஒரு ஆள், பக்கத்துல மைல்கல். அவர் திரும்பறப்பல்லாம் ‘கிருஷ்ணகிரி 45’ங்கறது 46 ஆகுது, 47 ஆகுது. கடைசியில கல்லே அவர்கிட்ட நியாயம் பேசுது. அந்த ஆள் மனசுல நினைக்கறதும் குரலா ஓடுது. சோதனை ஷூட்ல அந்த மனக்குரல் ஒட்டவே இல்லை. தெர்மாகோல் கல்லும் ஸ்பிரே பெயிண்ட் பட்டதும் குழி குழியா உருகிடுச்சு.

பாலக்கோடு_ஆர்ட்
ஸ்பிரேல இருக்கற தின்னர் தெர்மாகோலை அரிச்சிடும். ஃபெவிகாலும் தண்ணியும் சரிபாதி கலந்து நியூஸ்பேப்பர் கிழிசலை மூணு அடுக்கு ஒட்டி, நல்லா காயவிட்டு, மேல டிஸ்டெம்பர் அடிங்க. பளபளக்கற பெயிண்ட் வேணாம், வெயில்ல காட்டிக்குடுத்துடும். நேஷனல் ஹைவேன்னா கல்லோட தலை மஞ்சள், ஸ்டேட் ஹைவேன்னா பச்சை. உள்ள நாலு செங்கல் வைங்க, லாரி போற காத்துக்கே கல்லு பறந்துடும் (அதுவும் காமெடிதான், ஆனா உங்க கதை இல்லையே).

காவேரிப்பட்டணம்_கேமரா
எண் மாறறதைக் காட்டாதீங்க. முகம், கல், மறுபடி முகம், அவ்வளவுதான். ஒரே ஷாட் மாதிரி வேணும்னா, எண் மாத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்து ஒட்டுங்க; ட்ரைபாடை அசைக்காம, ஃபோகஸ், எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் மூணையும் மேனுவல்ல வைங்க. நடுவுல மேகம் வந்தா ஒட்டுப்போட்ட இடம் பல்லிளிக்கும்.

ஊத்தங்கரை_சவுண்ட்
ரேடியோ நாடகம் ஆக்கறது எக்கோதான். அதை எடுத்துடுங்க. நாலு பக்கமும் ரஜாய் தொங்கவிட்டு, மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல வைங்க. நேரா வெச்சா ‘ப’ எல்லாம் டொப்னு வெடிக்கும். குரல் வர்றப்ப ரோடு சத்தத்தை அறுக்காதீங்க, பாதியா இறக்குங்க. முக்கியமா, குரலை ஷூட்டுக்கு முன்னாடியே பதிவு பண்ணி, கேமராவுக்குத் தெரியாத காதுல இயர்பட் வெச்சு நடிகருக்குப் போடுங்க. வார்த்தை முடிஞ்சு அரை நொடி கழிச்சுத்தான் முகம் சுளிக்கணும்.

1960ல பிரிட்டிஷ் டிவியில வந்த ‘தி ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட் ஆஃப் கர்னி ஸ்லேட்’ பாருங்க, மொத்தமே 6 எபிசோடு. ஹீரோவா வர்ற ஆண்டனி நியூலி, தான் நடிக்கற சீரியல் செட்டை விட்டே நடந்து வெளிய போயிடுவார். அப்புறம் பெரும்பாலும் மனக்குரல்தான்.

பாலக்கோடு_ஆர்ட்
என்னைக் கேட்டா கல்லு பேசவே வேணாம். எண் ஏறறதே போதும்.

ஊத்தங்கரை_சவுண்ட்
பேசட்டும், ஆனா கோவமா இல்லை. பஸ் ஸ்டாண்ட் மைக்ல ஊர்ப்பேரு சொல்ற அதே தட்டைக் குரல்ல. பக்கத்துல கூடை வெச்சு உக்காந்திருக்கற பாட்டி, கல்லு பேசறதைக் கேட்டும் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிட்டே இருக்கணும்.