அலாரம் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி: அவரவர் வீட்டில் நடந்தது

தாம்பரம், தனி வீடு

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்துவார்களே, அப்படி ஒரு நாளில்தான் எங்கள் வீட்டுத் திருட்டு அலாரத்தின் வண்டவாளம் தெரிந்தது. கரண்ட் போனால் உள்ளே இருக்கும் பேட்டரியில் அது ஓட வேண்டும். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே கீபேட் (ரகசிய எண்ணை அழுத்தும் பலகை) விளக்கு மங்கி அணைந்துவிட்டது. மாட்டிக் கொடுத்தவர்கள் ஒரு ஆளை அனுப்பினார்கள். வந்த தம்பி பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்து, "12.7 வோல்ட் காட்டுது சார், பேட்டரி நல்லாத்தான் இருக்கு. போர்டு போச்சு" என்றார். போர்டு விலையைக் கேட்டதும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

தெருமுனையில் யுபிஎஸ் சர்வீஸ் செய்யும் பெரியவரைக் கூப்பிட்டேன். அவர் மீட்டர் முள்ளை பேட்டரியில் வைத்தபடியே மெயினை அணைக்கச் சொன்னார். அணைத்ததும் எண் 12.1-க்கு இறங்கியது. "இப்ப சைரனை அடிக்க விடுங்க" என்றார். அடித்த மறு நொடி 9.4! சைரன் ஒரு இழு இழுத்துவிட்டு நின்றது. நின்றதும் எண் மெல்ல ஏறி, 12-க்கு மேலே போய் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்துகொண்டது. சும்மா இருக்கும்போது வோல்டேஜ் காட்டும், சுமை ஏறினால் தாங்காது, உள்ளே தகடுகள் போய்விட்டன என்றார். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் போடும் அதே 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பேட்டரிதான். அதை மாற்றியதோடு வேலை முடிந்தது. போர்டு இன்றுவரை பழையதுதான்.

ஹாரோ, லண்டன்

எங்களுடையது நடுராத்திரிக் கூத்து. இங்கே நம்மவர் வீடுகளில் நகை இருக்கும் என்பது திருடர்களுக்கு அத்துப்படி. தீபாவளி நெருங்கினால் போலீஸே எச்சரிக்கும். அதனால் அலாரம் இருக்கும் வீடாகப் பார்த்துத்தான் வாங்கினோம்.

ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ் கோளாறில் வீட்டு மின்சாரமே ட்ரிப் ஆகிவிட்டது. உடனே வெளிச்சுவரில் இருக்கும் பெல் பாக்ஸ் தெருவே அதிர அலற ஆரம்பித்தது. உள்ளே கீபேடில் உயிரே இல்லை. ரகசிய எண்ணை எதில் அழுத்துவது? பக்கத்து வீட்டுப் பாட்டி டிரெஸ்ஸிங் கவுனோடு வாசலில் நிற்கிறார். சுமார் இருபது நிமிடம் கழித்து அதுவாக நின்றது.

காலையில் வந்த அலாரம் மெக்கானிக் விளக்கினார். வெளியே இருக்கும் பெல் பாக்ஸுக்குள் தனியாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. வீட்டுக்குள் இருக்கும் பேனலிலிருந்து (அலாரத்தின் தலைமைப் பெட்டி) மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை அது சும்மா இருக்கும். வருவது நின்றால், திருடன் வயரை வெட்டிவிட்டான் என்று எடுத்துக்கொண்டு தானாகவே அடிக்கும். பேனல் பேட்டரி நன்றாக இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது. திறந்து பார்த்தால் அதன் மேல் மார்க்கர் பேனாவில் 2014 என்று எழுதியிருந்தது. நாங்கள் வீடு வாங்கியதே அதற்கு வெகு காலம் கழித்து. இங்குள்ள ஈஎன் 50131 தரவிதிப்படி, வீடுகளுக்கான கிரேடு 2 அலாரம் மெயின் இல்லாமல் 12 மணி நேரம் தாங்க வேண்டும். எங்களுடையது 12 விநாடிகூடத் தாங்கவில்லை.

சேலம்

வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே, இதற்கென்று தனியாகப் பேட்டரி எதற்கு?

மதுரை, அலாரம் மற்றும் சிசிடிவி வேலை பார்ப்பவன்

சேலம் நண்பருக்கு: இன்வெர்ட்டர் ஓவர்லோடில் ட்ரிப் ஆகாதா? அதன் பேட்டரியும் ஒரு நாள் போகாதா? இன்னொரு சங்கடமும் உண்டு. இன்வெர்ட்டர் லைனில் பேனலை மாட்டினால், கரண்ட் போனதே பேனலுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் பேட்டரி வருடக்கணக்கில் செத்துக் கிடந்தாலும் யார் கண்ணிலும் படாது.

தாம்பரத்துப் பெரியவர் செய்ததுதான் சரியான சோதனை. மெயினை அணை, சைரனை அடி, மீட்டரைப் பார். 12 வோல்ட் பேட்டரி இந்தச் சுமையில் 11.5-க்குக் கீழே இறங்கினால் நான் மாற்றச் சொல்லிவிடுவேன்.

நம் ஊரில் இந்தப் பேட்டரிகளைக் கொல்வது வெயில்தான். 25 டிகிரியில் மூன்று முதல் ஐந்து வருடம் வர வேண்டிய சரக்கு இது. வெப்பம் எட்டுப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். நாம் என்ன செய்கிறோம்? அழகு கெடுகிறது என்று பரணில், மேற்குப் பார்த்த சுவரில் இரும்புப் பெட்டியை மாட்டுகிறோம். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் சூடு வேறு. வயிறு ஊதிப்போய், பெட்டியை விட்டு வெளியே வராமல், நெம்பி எடுத்த பேட்டரிகளும் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தாமதிக்காதீர்கள்.

புதுப் பேட்டரியும் சில மாதத்தில் போனால் பேட்டரியைத் திட்டாதீர்கள், சார்ஜரைப் பாருங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு வயரில் அளந்தால் பெரும்பாலான பேனல்களில் 13.6 முதல் 13.8 வரை இருக்க வேண்டும். 14.5-க்கு மேல் காட்டினால் அது பேட்டரியை வேகவைக்கிறது என்று அர்த்தம். ஒன்றுமே காட்டவில்லையா? பேட்டரி லைனில் இருக்கும் பியூஸை முதலில் பாருங்கள். முன்னால் யாரோ சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். கனெக்டர் லூஸும் சகஜம். பேட்டரி முனை 4.75 மில்லிமீட்டரிலும் வரும், 6.35-லும் வரும். சின்ன முனையில் பெரிய கனெக்டரைச் செருகினால் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

வாங்கும்போது தேதியைப் பார்த்து வாங்குங்கள். சார்ஜ் ஏற்றாமல் ஒரு வருடம் அலமாரியில் கிடந்தது புதுசு இல்லை.

திருச்சி

எங்களுடையது வயர்லெஸ். விட்டு விட்டு "கீச்" என்று ஒரு சத்தம், அதுவும் எல்லோரும் படுத்த பிறகு. கதவு சென்சார் ஒவ்வொன்றுக்கும் பேட்டரி மாற்றினோம். கீபேடைக் கழற்றினோம். கடைசியில் சத்தம் போட்டது ஹால் கூரையில் இருந்த புகை அலாரம். அதற்குள் ஒரு 9 வோல்ட் பேட்டரி இருப்பதே யாருக்கும் நினைவில்லை.

காரைக்குடி, இப்போது துபாயில்

நாங்கள் வருடத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வருவோம். கிளம்பும்போது மெயினை அணைத்துவிட்டுத்தான் போவோம். ஒவ்வொரு தடவை வரும்போதும் பேட்டரி காலி. மாட்டினவர் மட்டமான பேட்டரி தருகிறார் என்று இத்தனை நாளும் அவர் மேல்தான் கோபம்.

மதுரை

அண்ணா, அவர் மேல் தப்பில்லை. பேனல், கீபேட், நாலு சென்சார் எல்லாம் சேர்த்து சுமார் 300 மில்லிஆம்பியர் இழுக்கும். 7 ஏஹெச் பேட்டரி ஒரு நாள் தாங்கினால் பெரிது. நீங்கள் துபாய் போய் இறங்கி மறுநாளே வீட்டில் அலாரம் இல்லை. மிச்ச மாதமெல்லாம் அது ஒட்டக் காய்ந்து கிடக்கிறது. அப்படிக் கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்துவிடும், திரும்பச் சார்ஜ் பிடிக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அலாரத்துக்கு மட்டும் தனி எம்சிபி (மெயின் போர்டில் இருக்கும் சின்ன ட்ரிப் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். கிளம்பும்போது மெயினில் கை வைக்காமல் மற்ற எம்சிபிகளை மட்டும் அணையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கும் தெரியும்படி அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே ஈயம். கடையில் கொடுத்தால் புதுசின் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள்.