தொலைவு–கால வரைபடமும் எங்கள் ஊர் மாட்டு வண்டிப் பந்தயமும்

காரைக்குடிப் பக்கம் வீட்டிலேயே வைத்து ஏழாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் சொல்லித் தருகிறேன். கீழே நேரம், பக்கவாட்டில் தூரம் என்று குறித்து வரைகிற தொலைவு–கால வரைபடம் ஏழாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது, ஒன்பதாம் வகுப்பில் மறுபடியும் வருகிறது. ஆனாலும் ஒரே தாளில் இரண்டு கோடு போட்டு "இதுல எது வேகமாப் போகுது?" என்று கேட்டால் நிறையப் பேர் மேலே இருக்கிற கோட்டைத்தான் தொட்டுக் காட்டுகிறார்கள். இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்றால் "ரெண்டும் ஒரே வேகம் சார்" என்று தயங்காமல் பதில் வரும். ஒருவன் வீட்டிலிருந்து கடைக்குப் போய்த் திரும்பிய படத்தைக் காட்டியபோது "குன்றக்குடி மலையில ஏறி இறங்குறான் சார்" என்றாள் ஒரு சின்னப் பெண். கோட்டை அவள் பாதையாகவே பார்த்திருக்கிறாள்.

பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. 1987-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிலியன் மெக்டெர்மாட் குழுவினர் ஒரு ஆய்வுக் கட்டுரையில் இதே குழப்பத்தைத்தான் எழுதினார்கள், அதுவும் கல்லூரி மாணவர்களிடம் பார்த்து. வேகத்தைக் காட்டுவது கோட்டின் சாய்வு, அதாவது கோடு எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பது. கோட்டின் உயரத்தையும் சாய்வையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக எடுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. என் அனுபவத்தில், அச்சடித்த வரைபடத்தை எத்தனை முறை விளக்கினாலும் இது தீராது. அளவை அவர்களே எடுத்து, புள்ளியை அவர்களே வைக்க வேண்டும்.

எங்கள் பக்கம் கோயில் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயம் இருக்கும். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்து, தூரத்தை இன்றைக்கும் மைலில்தான் சொல்வார்கள், "போய் வர 8 மைல்" என்கிற மாதிரி. தார்ச்சாலையில் ஒரு எல்லை வரை ஓடி, அங்கே திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். சின்ன மாட்டுக்குப் போய் வர 5 மைல் என்று அறிவித்திருந்த ஒரு பந்தயத்தை எடுத்துக்கொண்டோம், கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர். முந்தின நாளே பைக்கில் போய் கிலோமீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு சாலையோரத்தில் போட்டாயிற்று. ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பிள்ளைகள், கூட அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், சாலையை விட்டு நன்றாகத் தள்ளி. ஸ்டாப்வாட்ச் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஆளாளுக்கு ஒரு நேரத்தில் அழுத்தினால் கணக்கு சேராது. வண்டி கோட்டைத் தாண்டும்போது போனில் காட்டும் மணி, நிமிடம், வினாடியை எழுதினால் போதும், போன்கள் நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை எடுப்பதால் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் இருக்கும்.

ஓடின வண்டிகள் நிறைய. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அதில் இரண்டை மட்டும் வரைந்தோம், ஒரு செவலை (செந்நிற மாட்டு) ஜோடி, ஒரு மயிலை (சாம்பல் நிற மாட்டு) ஜோடி. செவலை முதல் கிலோமீட்டரை 2 நிமிடத்தில் தாண்டியிருந்தது, அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். மயிலைக்கு 2 நிமிடம் 30 வினாடி, மணிக்கு 24. எல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது செவலைக்கு 9 நிமிடம், மயிலைக்கு 10 நிமிடம். வரும் வழியில் நிலைமை மாறிவிட்டது. 6-வது கிலோமீட்டர் கோட்டில் செவலை 14 நிமிடம் 20 வினாடி, மயிலை 14 நிமிடம் 50 வினாடி, அடுத்த கோட்டில் செவலை 17:10, மயிலை 17:00. கடைசியில் மயிலை 19:10-லும் செவலை 20:00-லும் கொடியைத் தாண்டின.

தாளில் 6-க்கும் 7-க்கும் நடுவில் இரண்டு கோடும் வெட்டிக்கொண்டன. அந்த ஒரு கிலோமீட்டருக்கு மயிலை 2 நிமிடம் 10 வினாடி எடுத்திருக்கிறது, செவலை 2 நிமிடம் 50 வினாடி. மணிக்கு ஏறக்குறைய 28-க்கு எதிராக 21. வழக்கமாக "ஒரே வேகம்" என்று சொல்கிற பையன் தானாகவே சொன்னான், "வேகம் ஒண்ணா இருந்தா எப்படி சார் தாண்ட முடியும், அங்க ரெண்டும் ஒரே இடத்துல இருந்துச்சு, அவ்வளவுதான்." இதைத்தான் நான் இத்தனை காலமாக அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவன் வாயிலிருந்து வந்தபோது ஏற்பட்ட சந்தோஷம் சாதாரணமானது இல்லை.

சரி, அப்படியானால் உண்மையிலேயே வேகம் ஒன்றாக இருந்தது எங்கே? தேடச் சொன்னேன். 3-வது கிலோமீட்டரிலிருந்து எல்லை வரை இரண்டு ஜோடிக்குமே 2 நிமிடம் 30 வினாடி. தாளில் அந்த இடத்தில் கோடுகள் ஒன்றையொன்று தொடவேயில்லை, இணையாகப் போகின்றன. கிடையாக அளந்தால் நடுவில் 1 நிமிடம், செங்குத்தாக அளந்தால் 400 மீட்டர். அந்தக் கிலோமீட்டரில் மயிலையைவிட ஒரு அடிகூட வேகமாக ஓடாமலே செவலை முன்னால் இருந்திருக்கிறது. முன்னால் இருப்பதும் வேகமாகப் போவதும் வேறு வேறு என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்படமும் காட்டி நான் பார்த்ததில்லை.

ஒரு பெண் இன்னும் ஒரு படி போனாள். வெட்டுகிற புள்ளியை அளந்து பார்த்தால் 6.75 கிலோமீட்டர் வருகிறது, அதாவது கொடிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் முன்னால். அங்கே இருப்பது ஊருணிக்கரை. பந்தயத்தோடு பைக்கில் போனவர்களும் "ஊருணிகிட்டதான் மயிலை ஏறிப் போச்சு" என்றுதான் பேசிக்கொண்டார்கள். புள்ளிக்குப் புள்ளி அளவுகோலால் இணைத்த கோடுதான், நடுவில் மாடு ஒரே சீராக ஓடியிருக்காது, ஆனாலும் இவ்வளவு நெருக்கமாக வந்தது.

மறுநாள் வண்டிக்காரப் பெரியவர் ஒருவரிடம் தாளைக் காட்டினோம். கீழே நேரம், பக்கவாட்டில் தூரம் என்று மட்டும்தான் சொன்னேன். செவலையின் கோட்டில் விரலை வைத்துக்கொண்டே போனவர், எல்லையைத் தாண்டியதும் நிறுத்தினார். "வாத்தியாரே, இங்கேருந்து கோடு படுக்குது பாருங்க, மாட்டுக்கு மூச்சு வாங்கியிருக்கு. போறப்பவே விரட்டிட்டாங்க." சாய்வு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, சாய்வைத்தான் படித்தார். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் நிமிர்ந்த கோடு, படுத்த கோடு என்றுதான் பேச்சு. பரீட்சையில் மட்டும் சாய்வு.

இதே பந்தயத்தில் இன்னொரு நல்ல சண்டையும் வந்தது. வண்டிதான் திரும்பி வந்துவிட்டதே, கோடும் கீழே இறங்க வேண்டாமா என்று ஒருத்தி கேட்டாள். அவள் வரைந்த படத்தில் கோடு 4 வரை ஏறி மறுபடி பூஜ்யத்துக்கு வந்திருந்தது. அது புறப்பட்ட இடத்திலிருந்து வண்டி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று காட்டும் படம், கடந்த தொலைவின் படம் இல்லை. கடந்த தொலைவு குறையவே குறையாது, நின்றால் கோடு கிடையாகப் போகும், அவ்வளவுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தோம். அவள் படத்தில் வேறொரு அழகு இருந்தது. முன்னால் திரும்பிய செவலையின் இறங்கு கோடு, இன்னும் எல்லைக்குப் போய்க்கொண்டிருந்த மயிலையின் ஏறு கோட்டை வெட்டியது. எதிரும் புதிருமாக இரண்டு வண்டியும் கடந்த இடம் அது. கடந்த தொலைவின் படத்தில் இது தெரியாது.

எதிர்எதிர் கோடு என்றதும் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் சொன்னது நினைவுக்கு வருகிறது. திருச்சி–காரைக்குடி ஒற்றைப் பாதை. ரயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறவர்கள் ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் ஸ்டேஷன்கள் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு கோடு வரைவார்களாம். போகிற ரயில் ஏறு கோடு, வருகிற ரயில் இறங்கு கோடு. இரண்டும் எங்கே வெட்டினாலும் அது ஒரு ஸ்டேஷன் மேல்தான் இருக்க வேண்டும், திருமயம், செட்டிநாடு என்று எதுவாகவும் இருக்கலாம், நடுக்காட்டில் வெட்டினால் இரண்டும் ஒரே தண்டவாளத்தில் நேருக்கு நேர். "கிராசிங்குக்காக நிக்குது" என்று நாம் அலுத்துக்கொள்கிற நேரமெல்லாம் அந்தத் தாளில் ஒரு சின்னக் கிடைக்கோடு. பிரான்சில் 1878-லேயே மாரே என்பவர் பாரிஸ்–லியோன் ரயில்களை இப்படி வரைந்த படத்தை அச்சில் வெளியிட்டிருக்கிறார். விடியற்காலையில் காரைக்குடியிலிருந்து கிளம்பும் பல்லவனுக்கு இப்படி ஒரு படம் போட இப்போது பிள்ளைகள் கால அட்டவணையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கிடைக்கோட்டுக்கு இன்னும் எளிய வழியும் உண்டு. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகிறவர்கள் எந்தத் தெருவிலும் இருப்பார்கள். நடந்து வந்த ஆச்சி ஒருவரிடம் எங்கெங்கே தங்கினார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று கேட்டு வரையச் சொன்னேன். இராத்திரி தங்கலைப் பல பிள்ளைகள் விட்டுவிட்டுக் கோட்டை நேரே ஒட்டிவிடுவார்கள். ஆள் தூங்கினாலும் நேரம் ஓடுகிறது என்று புரிய இந்த ஒரு படம் போதும்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் யாராவது அடுத்த பந்தயத்தில் இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால், எல்லையில் நிற்க மட்டும் கொஞ்சம் பெரிய பிள்ளையாகப் போடுங்கள், அங்கே வண்டிகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துத் திரும்பும், புழுதியில் எது எந்த ஜோடி என்று பார்ப்பதே கஷ்டம்.