புதுப்பிப்பு: வேதாரண்யம் பக்கத்துக் கடலோர கிளினிக்

அறக்கட்டளை நடத்தும் எங்கள் ஊர் இலவச கிளினிக்குக்குக் கடலுக்குப் போகும் ஆண்கள் மட்டும் பிரஷர், சுகர் பார்க்க வருவதே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களைப் பிடியுங்கள் என்று பலர் சொன்னீர்கள். சரியான யோசனை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தானே நிற்கும்? வலை பின்னும் கொட்டகைக்கே போய்விட்டோம். நர்ஸக்கா பிரஷர் பட்டையைக் கையில் கட்டும்போதும் ஒருவர் வலை ஊசியைக் கீழே வைக்கவில்லை. "கையச் சும்மா வைங்கண்ணே, இல்லன்னா மெஷின் பொய் சொல்லும்" என்று அதட்டியதும்தான் வைத்தார்.

எதிர்பாராத சிக்கல் இன்சுலின். கரண்ட் போகிறதே என்று ஒருவர் அதை மீன் ஐஸ் பெட்டிக்குள் புதைத்து வைத்திருந்தார். உறைந்த இன்சுலின் உதவாது. தூக்கிப் போட வேண்டியதுதான். திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். திறந்தது 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். மே மாதத்து ஓட்டு வீடு 30-ஐ எங்கே மதிக்கிறது? அதனால் திறந்த குப்பியை வைக்க ஈர மணலில் புதைத்த மண்பானையைச் சொல்லிக்கொடுக்கிறோம். திறக்காத குப்பிகள் கிளினிக் ஃப்ரிட்ஜிலேயே, பெயர் எழுதி.

படகுகள் திரும்பக் கிளம்பியாயிற்று. அடுத்த வேலை, மாத்திரை வாங்க வீட்டுப் பெண்களை அனுப்பாமல் அந்த ஆண்களையே வரவழைப்பது. மாலை நேரத்திலும் திறக்கலாமா என்று டாக்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.