புதுப்பிப்பு: டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவருக்கான கழிப்பறை மாற்றங்கள்

கதவில் படத்துடன் அடையாளம், கைப்பிடிக் கம்பி, தரையில் போடும் வழுக்காத மிதியடி என்று முன்பு மூன்று யோசனைகள் சொல்லியிருந்தோம். மூன்றிலும் சில திருத்தங்கள்.

மிதியடி கருப்பு அல்லது கருநீலம் என்றால் உடனே எடுத்துவிடுங்கள். அவர் கண்ணுக்கு அது பள்ளமாகத் தெரியலாம். வாசலிலேயே தயங்கி நிற்பார், அல்லது எட்டித் தாண்டப் பார்த்து விழுவார். தரையின் நிறத்திலேயே, ஓரம் மடியாத ஒன்று போதும்.

வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கம்பி கண்ணில் படாது. கை பக்கத்தில் துண்டு மாட்டும் கம்பிக்குப் போகும். அது ஆள் எடையைத் தாங்காமல் பெயர்ந்து வந்துவிடும். சிவப்பு அல்லது அடர்நீலக் கம்பியைச் சுவரில் திருகாணியால் முடுக்குங்கள். உறிஞ்சி ஒட்டும் வகை வேண்டவே வேண்டாம். துண்டு மாட்டும் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

வெள்ளைத் தரையில் வெள்ளைக் கழிப்பிருக்கையும் இதே கதைதான்: எங்கே உட்காருவது என்றே தெரியாது. அடம்பிடிக்கிறார் என்று நாம் நினைப்பது பல நேரம் இதுவாகத்தான் இருக்கும், பாவம். முழுதாக மாற்றத் தேவையில்லை. அடர்நிற இருக்கை வளையம் மட்டும் போடுங்கள்.

கதவு அடையாளம் தரையிலிருந்து சுமார் 4 அடியில் இருக்கட்டும்; குனிந்து நடப்பவர் மேலே பார்ப்பதில்லை. இரவில் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே சிறு விளக்கு எரியவிடுங்கள். படுக்கையிலிருந்தே இருக்கை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.