சி.எப்.டி. மூலம் பங்குகளைக் குறுவிற்பனை செய்யலாமா?

கேள்வி – தலவாக்கலை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். கொழும்பு பங்குச் சந்தையில் சில ஆண்டுகளாகச் சிறிய அளவில் முதலீடு செய்து வருகிறேன். அமெரிக்கப் பங்கொன்றின் விலை அந்நிறுவனத்தின் வருமானத்திற்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு ஏறியிருப்பதாக எனக்குப் படுவதால், சி.எப்.டி. எனப்படும் விலை வித்தியாச ஒப்பந்தத்தின் மூலம் அதனைக் குறுவிற்பனை செய்ய, அதாவது விலை இறங்கினால் இலாபம் வருமாறு முன்கூட்டியே விற்க, எண்ணுகிறேன். கையில் இல்லாத பங்கை எவ்வாறு விற்பது? வைப்பிட்ட 1,000 டொலருக்கு மேல் நட்டம் வராது என்று வெளிநாட்டுத் தரகர் ஒருவர் சொல்வதை நம்பலாமா?

பதில் – கண்டி வாசகர்

வழமையான குறுவிற்பனையில் பங்கை இரவல் பெற்று விற்று, பின்னர் சந்தையில் வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். சி.எப்.டி.யில் நீங்கள் எந்தப் பங்கையும் தொடுவதில்லை. ஒப்பந்தம் தொடங்கிய விலைக்கும் முடிந்த விலைக்கும் இடையிலான வித்தியாசத்தை நீங்களும் தரகரும் தீர்த்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். ஆகவே தரகர் முறிந்தால் உங்கள் இலாபமும் அவரோடு போகக்கூடும்.

100 டொலர் விலையில் 50 பங்குகளுக்கு விற்பனை ஒப்பந்தம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பெறுமதி 5,000 டொலர். தரகரிடம் பிணையாக வைக்க வேண்டிய மார்ஜின் 20 சதவீதம் என்றால் உங்கள் 1,000 டொலர் முழுவதும் அதற்கே போய்விடும். விலை 90க்கு இறங்கினால் 500 டொலர் இலாபம். ஆனால் அது முதலில் 110ஐ நெருங்கினால், கணக்கின் மீதி மார்ஜினில் பாதியாகக் குறைந்துவிட்டதென்று தரகரே ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். அதன்பின் விலை 70க்கு வீழ்ந்தாலும் உங்களுக்கு ஒரு சதமும் கிடையாது. உங்கள் கணிப்பு சரியாகவே இருக்கலாம், ஆனால் அது பலிக்கும்வரை கணக்கு தாங்க வேண்டுமே. 2021 ஜனவரி தொடக்கத்தில் 20 டொலருக்கும் கீழே இருந்த, கேம்ஸ்டொப் என்ற அமெரிக்க வீடியோ விளையாட்டு விற்பனை நிறுவனத்தின் பங்கு, அம்மாதம் 28ஆந் திகதி 483 டொலர் வரை சென்றது. அதன் விலை மிகை என்று சொன்னவர்களின் வாதத்தில் பெரிய பிழை இருக்கவில்லை.

பதில் – பண்டாரவளை வாசகர்

வைப்பிட்டதற்கு மேல் இழக்க முடியாது என்பது, தரகரின் எந்தக் கிளையுடன் ஒப்பந்தம் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கி, தனிப் பங்குகளுக்கான ஒப்பந்தப் பெறுமதி மார்ஜினின் ஐந்து மடங்கைத் தாண்டாதவாறும் கட்டுப்படுத்தியது. அதே தரகர் ஏதோவொரு தீவில் பதிந்து வைத்திருக்கும் துணை நிறுவனத்துடன் நீங்கள் ஒப்பமிட்டால் அவ்விதி உங்களைச் சேராது. 2015 ஜனவரி 15ஆந் திகதி சுவிஸ் மத்திய வங்கி யூரோவுக்கெதிரான பிராங்கின் பெறுமதிக்கு வைத்திருந்த வரம்பைக் கைவிட்டபோது, பிராங்க் திடீரென உயர்ந்து பலரது கணக்குகள் வைப்பையும் தாண்டிக் கடனில் விழுந்தன. அமெரிக்காவிலோ சில்லறை முதலீட்டாளர்களுக்கு சி.எப்.டி.யே அனுமதிக்கப்படவில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பங்கை வைத்திருக்காத எனக்குப் பங்கிலாபத்தால் ஏதேனும் பாதிப்பு உண்டா?

பதில் – கண்டி வாசகர்

உண்டு. விற்பனைப் பக்கம் நிற்பவரின் கணக்கிலிருந்து பங்கிலாபத்திற்குச் சமமான தொகை கழிக்கப்படும். பங்கொன்றுக்கு 1 டொலர் என்றால் உங்களுக்கு 50 டொலர் போகும். இரவைக் கடக்கும் ஒப்பந்தங்களுக்கு நிதிக் கட்டணமும், இரவல் கிடைக்க அரிதான பங்குகளுக்கு இரவல் கட்டணமும் சேரலாம். நியூயோர்க் சந்தை நமது நேரப்படி இரவு 7 மணிக்கு, அங்கு குளிர்காலமென்றால் 8 மணிக்குத் திறக்கிறது. நிறுவனங்கள் பெறுபேறுகளைப் பெரும்பாலும் சந்தை மூடியிருக்கும் வேளையிலேயே வெளியிடுவதால், நாம் உறங்கும் வேளையில் வந்த செய்தியால் மறுநாள் விலை ஒரே தாவலாக உயர்ந்து திறக்கலாம். அப்போது, விலை ஓர் அளவை எட்டினால் ஒப்பந்தத்தை முடிக்குமாறு முன்கூட்டியே கொடுக்கும் நட்ட நிறுத்தக் கட்டளை நீங்கள் குறித்த விலையில் நிறைவேறாது.

பதில் – ஹட்டன் வாசகர்

பணம் அனுப்பும் வழியை எவரும் கேட்கவில்லையே? 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் இதற்கும் பொருந்தும். கடனட்டையால் செலுத்தலாம் என்று தரகர் சொல்வதை மட்டும் வைத்து இறங்காமல், உங்கள் வங்கிக் கிளையில் நோக்கத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் பெறுங்கள். அது கிடைக்கும்வரை, அதே பங்கை தரகரின் பயிற்சிக் கணக்கில் விற்று வைத்து, இரவுக் கட்டணம் எவ்வளவு கழிகிறது என்பதைக் கவனித்து வரலாம்.